டியூலிப் வேண்டாம், மழை லில்லி போதும்: சாஆ வெயிலில் பூச்சாடியில் கிழங்குப் பூக்களை வளர்ப்பது எப்படி?

இணையத்தில் அழகான டியூலிப் படத்தைப் பார்க்கிறீர்கள். "வீட்டுப் பூச்சாடியிலேயே வளரும்" என்று எழுதியிருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கி, சாஆவில் உள்ள உங்கள் தாமான் வீட்டு வாசலில் நட்டுவிடுகிறீர்கள். அடுத்து என்ன நடக்கும்?

பெரும்பாலும் இலைகள் மட்டும் நாலைந்து வரும். சில வாரத்தில் கிழங்கு அழுகிப்போகும். தப்பு உங்கள் மேல் இல்லை. அந்தக் கிழங்கு குளிர்காலத்துக்காகக் காத்திருந்தது. இங்கே குளிர்காலமே கிடையாது.

ஆனால் கிழங்கிலிருந்து பூக்கும் செடிகள் எல்லாமே குளிர் கேட்பவை அல்ல. நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய செடிகள் நிறைய உண்டு. அவற்றைப் பூக்க வைக்க ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும்: எப்போது தண்ணீரை நிறுத்துவது, எப்போது மறுபடி ஊற்றுவது.

முதல் முறை செடி வளர்ப்பவர்களுக்கு, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

'கிழங்கு' என்று சொல்வது எதை?

அடுக்களையில் உள்ள வெங்காயத்தை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். அடுக்கடுக்காக இருப்பவை எல்லாம் உணவைச் சேமித்துவைத்த இலைகள்தான். நடுவில் ஒரு சின்ன முளை இருக்கும். பாடப் புத்தகத்தில் இதைக் குமிழம் என்பார்கள். டியூலிப், அமரில்லிஸ், மழை லில்லி எல்லாம் இந்த வகை.

இஞ்சியும் மஞ்சளும் வேறு வகை. அவை மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டுகள். கெலாடி என்று மலாயில் சொல்லப்படும் சேம்பு வகைகள் உருண்டைக் கிழங்கிலிருந்து வருபவை.

வகை வேறானாலும் வேலை ஒன்றுதான். மோசமான பருவம் வந்தால் இலைகளை விட்டுவிட்டு, சேமித்த உணவோடு மண்ணுக்குள் தூங்குவது. நல்ல பருவம் வந்ததும் எழுந்து பூப்பது. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் கிழங்கு என்றே சொல்வோம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே.

டியூலிப் ஏன் இங்கே பூக்காது?

டியூலிப்புக்கு மோசமான பருவம் என்றால் கடுங்குளிர். சுமார் 12 முதல் 16 வாரம் வரை, 9 டிகிரி செல்சியசுக்கும் குறைவான குளிரில் இருந்தால்தான் அதன் பூத்தண்டு ஒழுங்காக நீளும். டாஃபடில், ஹையசிந்த் போன்ற வசந்தகாலப் பூக்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் யோங் பெங்குக்கும் இடையில் இருக்கிறது சாஆ. நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 2 டிகிரிதான் வடக்கே. பகலில் 32, 33 டிகிரி. விடியற்காலையில்கூட கடுங்குளிர் வருவதில்லை.

கேமரன் மலையில் நட்டால்? அங்கேயும் இரவு வெப்பநிலை பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். நமக்கு அது குளிர். டியூலிப்புக்கு அல்ல.

காஷ்மீரின் ஸ்ரீநகரில் உள்ள பெரிய டியூலிப் தோட்டம் மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில் பூத்துக் குலுங்குவதற்குக் காரணம், அதற்கு முன் அங்கே பெய்யும் பனி.

சிங்கப்பூரில் மட்டும் எப்படிப் பூக்கிறது?

பாலம் கடந்து போய் 'கரையோரப் பூந்தோட்டங்களில்' டியூலிப் கண்காட்சியைப் பார்த்தவர்கள் இதைக் கேட்பார்கள். 2013இலிருந்து நடக்கும் கண்காட்சி அது.

அந்தக் கண்ணாடிக் கூடத்தில் வெப்பநிலை 23 முதல் 25 டிகிரி வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். பூக்கள் வாடாமல் நிற்க அது உதவும். ஆனால் கிழங்குக்கு வேண்டிய குளிர்காலம் அந்தக் கூடத்தில் கிடைப்பதில்லை. அதை முடித்துவிட்டுத்தான் கிழங்குகள் அங்கே வருகின்றன.

வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தும் சிலர் முயல்கிறார்கள். முடியாதது இல்லை. காகிதப் பையில் போட்டு 12 வாரத்துக்கு மேல் வைக்க வேண்டும். பக்கத்தில் ஆப்பிள் இருக்கக்கூடாது. பழங்கள் விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். இத்தனையும் செய்து வெளியே எடுத்து நட்டால், நம் வெயிலில் தண்டு குட்டையாக நின்று, பூ சில நாளில் உதிர்ந்துவிடும். அடுத்த வருஷத்துக்கு அந்தக் கிழங்கு தேறாது.

சரி, அப்போ எதை நடலாம்?

நம் பக்கத்துக் கிழங்குகளுக்கு மோசமான பருவம் குளிர் அல்ல, வறட்சி. மண் காய்ந்தால் தூங்கும். மழை விழுந்தால் எழும்.

பூச்சாடியின் வசதியே இங்குதான். தரையில் நட்ட செடிக்கு வறட்சியைத் தர உங்களால் முடியாது. ஜொகூரில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பூச்சாடி என்றால் தூக்கிக் கூரைக்கு அடியில் வைத்துவிடலாம். பருவத்தை நீங்களே முடிவு செய்யலாம்.

தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற ஐந்து செடிகள் இவை.

1. மழை லில்லி

முதல் செடி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். சின்ன வெங்காயம் அளவுதான் கிழங்கு. இலைகள் புல் மாதிரி இருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களில் கிடைக்கும்.

- 20 செ.மீ. அகலச் சாடியில் ஐந்தாறு கிழங்குகளை நடலாம்.
- ஆழம் 3 முதல் 5 செ.மீ.
- நல்ல வெயில் வேண்டும்.
- இரண்டு, மூன்று வாரம் மண்ணைக் காயவிட்டு, பிறகு சாடி நனைய நனையத் தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் மொட்டு எழும்.

ஒரு பூ ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். ஆனால் வருஷத்தில் பல முறை பூக்கும். கிழங்கும் தானாகவே பெருகும்.

2. அமரில்லிஸ்

பழைய தோட்டப்புற வீடுகளின் வாசலில் ஆரஞ்சு நிறத்தில், ஒலிபெருக்கிக் குழாய் மாதிரி விரிந்த பூவைப் பார்த்திருக்கலாம். அதன் குடும்பம்தான் இது. பூர்வீகம் தென்னமெரிக்கா.

- ஒரு சாடிக்கு ஒரு கிழங்கு. கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். பெரிய சாடி வேண்டாம். அதில் ஈரம் தேங்கும்.
- கிழங்கை முழுசாகப் புதைக்காதீர்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரிய வேண்டும்.
- நட்டதும் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். முளை வரும்வரை மண் லேசான ஈரமாக இருந்தால் போதும்.

"இலை மட்டும் வருது, பூவே வரலை" என்ற புகார் இந்தச் செடியைப் பற்றித்தான் அதிகம். தினமும் தண்ணீர் கிடைத்தால் அது தூங்குவதே இல்லை. தூங்காவிட்டால் பூ வருவது கஷ்டம்.

ஆறு மாதம் வரை இலைகளை நன்றாக வளரவிடுங்கள். பிறகு தண்ணீரை நிறுத்தி, மழை படாத இடத்துக்கு மாற்றுங்கள். இலைகள் மஞ்சளாகிக் காயும். ஆறிலிருந்து எட்டு வாரம் அப்படியே இருக்கட்டும். அதற்குப் பிறகு மேல்மண்ணை மாற்றித் தண்ணீர் ஊற்றினால் பூத்தண்டு எழும்ப வாய்ப்பு அதிகம்.

3. சம்பங்கி

கல்யாண மாலையில் இருக்கும் வெள்ளைச் சம்பங்கிதான். மலாயில் சுண்டால் மாலாம். பூர்வீகம் மெக்சிகோ என்றாலும், தமிழகத்தில் சத்தியமங்கலம், நிலக்கோட்டை வட்டாரங்களில் வயல் வயலாக விளைகிறது. மாலைக்கு ஒற்றை அடுக்குப் பூ. பூச்செண்டுக்கு இரட்டை அடுக்கு.

- 25 செ.மீ. சாடியில் மூன்று கிழங்குகள். ஆழம் 5 செ.மீ.
- குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். நிழலில் இலைதான் மிஞ்சும்.
- நட்டுச் சுமார் மூன்று மாதத்தில் பூக்கும். வாசனை இரவில்தான் தூக்கலாக இருக்கும்.

4. கெலாடி

பூவுக்காக அல்ல, இலைக்காக வளர்ப்பது. சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்புக் கோடுகளோடு இருக்கும். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருந்தபோது வீட்டுக்குள் செடி வளர்க்கும் மோகம் பிடித்ததே, அப்போது பலருடைய வீட்டுக்கு வந்தது இதுதான்.

நேரடி வெயில் படாத, வெளிச்சமான இடம் போதும். அஞ்சடியில்கூட வைக்கலாம். சில மாதம் கழித்து இலைகள் ஒவ்வொன்றாகச் சாயும். செடி செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது தூங்கப் போகிறது. தண்ணீரைக் குறைத்து, சாடியை ஓரமாக வையுங்கள்.

5. மஞ்சள்

கடையில் வாங்கும் பச்சை மஞ்சளே போதும். முளைக்கண் தெரியும் துண்டாகப் பார்த்து, 30 செ.மீ. சாடியில் 5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். இலையை ரெண்டாங் சமையலுக்குக் கிள்ளிக்கொள்ளலாம். இலைகளுக்கு நடுவே வெளிர் நிறப் பூக்கதிரும் வரலாம்.

கிழங்கு முற்ற எட்டு, ஒன்பது மாதம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் நட்டால், ஜனவரியில் பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் கொத்து உங்கள் சாடியிலிருந்தே வரும்.

டியூலிப் என்ற பெயரே வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மஞ்சளின் உறவுக்காரச் செடியான 'சியாம் டியூலிப்'. தாய்லாந்தின் சையாபூம் பகுதியில் மழைக்காலம் வந்தால் காட்டு வெளிகளில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் இனம். டியூலிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பெயரும் தோற்றமும்தான் ஒற்றுமை.

சாடியும் மண்ணும் எப்படி இருக்க வேண்டும்?

இங்கே கிழங்குகள் சாவதற்கு முதல் காரணம் தண்ணீர் பற்றாமை அல்ல. அதிகத் தண்ணீர். அழுகல்தான் எதிரி.

- ஓட்டை: அடியில் ஓட்டை இல்லாத சாடியை வாங்காதீர்கள். அழகான சாடி என்றால், ஓட்டையுள்ள பிளாஸ்டிக் சாடியில் நட்டு அதற்குள் வைத்துக்கொள்ளலாம்.
- மண்: பையில் விற்கும் கறுப்பு மண் மட்டும் போட்டால் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கறுப்பு மண் இரண்டு பங்கு, கரடுமுரடான ஆற்று மணல் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு என்று கலக்கலாம். கருக்கிய உமியை நர்சரியில் 'சேக்காம் பாக்கார்' என்று கேளுங்கள். கடல் மணல் வேண்டாம்; உப்பு செடியைக் கொல்லும்.
- எந்தப் பக்கம் மேலே? கூராக இருப்பது மேல்பக்கம். காய்ந்த வேர் ஒட்டியிருப்பது அடிப்பக்கம். மஞ்சளாக இருந்தால் படுக்க வைத்தாலே போதும்.
- எப்போது தண்ணீர்? மணி பார்த்து ஊற்றாதீர்கள். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.
- உரம்: இலை வளரும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி. தூங்கும் செடிக்கு உரம் வேண்டாம்.
- இலையை வெட்டாதீர்கள்: பூ வாடியதும் பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள். அடுத்த பூவுக்கான உணவைப் பச்சை இலைதான் சேர்த்துவைக்கிறது.

கொசு விஷயத்தில் ஏன் இவ்வளவு கவனம்?

பூச்சாடிக்கு அடியில் வைக்கும் தட்டு, ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடங்களில் ஒன்று. முட்டை கொசுவாக மாற ஏழிலிருந்து பத்து நாள் போதும். வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து செடியைப் பார்ப்பவர் என்றால், நீங்கள் வருவதற்குள் அது பறந்திருக்கும்.

தட்டைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இன்னும் நல்லது, தட்டே வைக்காமல் சாடியை இரண்டு செங்கல் மேல் வைப்பது. கிழங்குக்கும் அதுதான் நல்லது.

இது சட்டப் பிரச்சினையும்கூட. மலேசியாவில் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டு வளாகத்தில் கொசுப் புழு இருந்தால் அபராதம் விதிக்கலாம். வழக்கு நீதிமன்றம் போனால் முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

சீனப் புத்தாண்டுக்கு முன் கடைகளில் வரும் நார்சிசஸ் கிழங்கைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் குளிர்காலம் தேவையில்லை. கூழாங்கல் பரப்பிய கிண்ணத்தில், தண்ணீரிலேயே பூக்கும். புத்தாண்டு நாளில் பூத்தால் அதிர்ஷ்டம் என்பது சீனர்களின் நம்பிக்கை. ஆசைக்கு நீங்களும் வளர்க்கலாம். ஆனால் அந்தக் கிண்ணத்துத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

வீட்டில் குழந்தை, பூனை இருந்தால்?

அமரில்லிஸ், மழை லில்லி, நார்சிசஸ் கிழங்குகளில் லைக்கோரின் என்ற நச்சு இருக்கிறது. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பார்க்க வெங்காயம் மாதிரியே இருப்பதுதான் ஆபத்து. நடுவதற்கு எடுத்துவைத்த கிழங்கை அடுக்களைப் பக்கமே வைக்காதீர்கள். பையில் பெயர் எழுதி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

கெலாடி இலையையும் கிழங்கையும் கடித்தால் வாயும் தொண்டையும் அரித்து வீங்கும்.

தமிழகத்தின் மாநில மலரான செங்காந்தளும் கிழங்கிலிருந்து வருவதுதான். அழகில் குறைவில்லை. ஆனால் அதன் கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசின் உயிரையே எடுக்கக்கூடியது. தொடக்கக்காரர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். செடியின் ஒரு துண்டையோ படத்தையோ கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவும்.

இணையத்தில் வாங்கலாமா?

வாங்கலாம். சில விஷயங்களைப் பார்த்து வாங்குங்கள்.

- நீல டியூலிப்: தூய நீல நிறத்தில் டியூலிப் கிடையாது. படத்தில் நிறம் மாற்றியிருப்பார்கள்.
- டியூலிப் விதை: விதையிலிருந்து பூ வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவும் குளிர்நாட்டில்.
- வெளிநாட்டிலிருந்து வரும் கிழங்கு: இதுவும் நடவுப் பொருள்தான். 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின்படி இறக்குமதி அனுமதி தேவை. எல்லையில் சோதனையும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து மண்ணோடு ஒரு சாடியைக் காரில் கொண்டுவருவதும் இதில் சேரும். ஒரு பிடி மண்ணில் வரும் நோயும் புழுவும் அக்கம்பக்கத் தோட்டங்களையே பாதிக்கலாம்.

நேரில் வாங்கினால் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, கனமாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தாலோ பூஞ்சணம் பிடித்திருந்தாலோ விட்டுவிடுங்கள். அதைவிட நல்ல வழி, பக்கத்து வீட்டில் கேட்பது. மழை லில்லி வைத்திருப்பவர் வீட்டில் தேவைக்கு மேல் கிழங்கு இருக்கும்.

வெள்ளம் வந்தால் என்ன செய்வது?

2023 மார்ச் மாத வெள்ளத்தை சிகாமட் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை நீளும். அந்த மாதங்களில் சாடிகளை மேடான இடத்தில் வைப்பது நல்லது.

சாடி வெள்ளத்தில் மூழ்கிவிட்டால், மண்ணோடு காயட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

1. கையுறை, காலணி போட்டுக்கொள்ளுங்கள். வெள்ள நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் அதன் வழியாக லெப்டோஸ்பிரோசிஸ் தொற்றும்.
2. கிழங்கை வெளியே எடுத்து, சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள்.
3. அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி எறியுங்கள்.
4. நிழலில், காற்றோட்டமான இடத்தில் நாலைந்து நாள் உலர்த்துங்கள்.
5. பழைய மண்ணை விட்டுவிட்டு, புது மண்ணில் நடுங்கள்.

கெட்டியாக இருக்கும் கிழங்கு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இன்னும் பூக்கவில்லையா? இதைச் சரிபாருங்கள்

- இலை நீளமாக, சோர்ந்து சாய்கிறதா? வெயில் போதவில்லை.
- இலை மஞ்சளாகி, அடி மெத்தென்று ஆகிறதா? தண்ணீர் அதிகம். உடனே எடுத்துப் பாருங்கள்.
- இலை செழிப்பு, பூ மட்டும் இல்லையா? ஓய்வு கொடுக்கவில்லை, அல்லது தழைச்சத்து உரம் அதிகம்.
- புதுசாக வாங்கிய சின்னக் கிழங்கா? முதல் வருஷம் பூக்காமல் போகலாம். கிழங்கு பெருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு சாடி, ஐந்து மழை லில்லிக் கிழங்கு, இரண்டு செங்கல். இந்த வாரக் கடைசியில் அதை மட்டும் செய்து பாருங்கள். இலைகள் நன்றாக விட்டதும், இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றாமல் பொறுத்துக்கொள்வதுதான் இதில் கஷ்டமான வேலை.